காமா பயில்வானின் மூவாயிரம் தண்டால்கள்

தண்டால் மட்டும் எடுத்து நெஞ்சை வளர்க்க முடியுமா? ஜிம்முக்குப் போகக் காசில்லாத, அல்லது போக நேரமில்லாத இளைஞர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. புஷ் அப், டிப்ஸ், தண்டால் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான். இதற்குப் பதில் சொல்லும் யூரியூப் காணொளிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால், எங்கேயோ ஓரிடத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் வந்துவிடும். முறுக்கிய மீசை, அகன்ற நெஞ்சு, தோளில் ஒரு கதாயுதம். படத்துக்குக் கீழே நாளொன்றுக்கு 3,000 தண்டால், 5,000 பஸ்கி என்று எழுதியிருக்கும். அந்த மனிதர்தான் காமா பயில்வான்.

அந்த எண்கள் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தன. மூவாயிரம் தண்டால் எடுத்தால் காமா ஆகிவிடலாம் என்று நம்பி முழங்கையையும் தோள்மூட்டையும் கெடுத்துக்கொண்டவர்களையும், அது முடியாத காரியம் என்று பத்தாவது தண்டாலோடு எழுந்துபோனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இரு தரப்பும் காமாவின் எண்ணை மட்டுமே தெரிந்துவைத்திருக்கிறார்கள். அவருடைய வாழ்க்கையை முழுதாக வாசித்தால் கேள்விக்கான பதில் வேறு விதமாகக் கிடைக்கிறது.

அரண்மனைச் சோறு

காமாவின் இயற்பெயர் குலாம் முஹம்மது பக்ஷ் பட். பிறந்தது 1878 மே 22 என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில் வேரூன்றியிருந்த காஷ்மீரி முஸ்லிம் மல்யுத்தக் குடும்பம் அவருடையது. தந்தை அசீஸ் பக்ஷ், இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள ததியா சமஸ்தானத்தின் அரண்மனைப் பயில்வான். காமா சிறு பிள்ளையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாய்வழிப் பாட்டனாரும், அவருக்குப் பிறகு மாமன் ஈதாவும் பிள்ளையைப் பொறுப்பெடுத்தார்கள். இருவருமே பயில்வான்கள். வேறு தொழில் எதையும் யோசிக்க இடமில்லாத வீடு அது.

1888 இல் ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி நடத்தினார். நாடெங்குமிருந்து 400க்கும் மேற்பட்ட பயில்வான்கள் வந்திருந்தார்கள். யார் அதிக நேரம் பஸ்கி எடுப்பது என்பதுதான் போட்டி. பத்து வயதுக் காமா கடைசிப் பதினைந்து பேரில் ஒருவராக நின்றார். அவருடைய வயதைக் கருத்திற்கொண்டு மகாராஜா அவரையே வெற்றியாளராக அறிவித்தார் என்பது பதிவு. போட்டிக்குப் பின் பிள்ளை பல நாட்கள் படுக்கையில் கிடந்ததாகவும் சொல்லப்படுகிறது. காணொளிகளில் இந்தப் பிற்பகுதி வருவதில்லை.

அதன்பின் ததியா மகாராஜா காமாவின் பயிற்சியையும் சாப்பாட்டையும் பொறுப்பேற்றார். இந்த இடத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். காமாவின் உணவு பற்றிய கணக்குகளில் நாளொன்றுக்குச் சுமார் பத்து லீற்றர் பால், ஆறு நாட்டுக்கோழிகள், அரைத்த பாதாம், நெய் என்றெல்லாம் வருகிறது. அளவுகளில் மிகை இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து இந்தியாவில் ஒரு குடியானவன் தன் உழைப்பால் அப்படிச் சாப்பிட்டிருக்க முடியாது. சமஸ்தானங்கள் யானை, குதிரை வளர்த்ததைப் போல, பயில்வான்களையும் கௌரவத்துக்காக வளர்த்தன. காமாவின் நெஞ்சுக்குப் பின்னால் ஓர் அரண்மனைக் களஞ்சியம் இருந்தது.

எண்களைக் கணக்குப் பார்த்தால்

மூவாயிரம் தண்டால் சாத்தியமா? நான் தாளும் பேனாவுமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தண்டாலுக்கு இரண்டு விநாடி என்று வைத்தால் 3,000 தண்டாலுக்கு 100 நிமிடம். அதே வேகத்தில் 5,000 பஸ்கிக்கு ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம். ஓய்வே இல்லாமல் நாலரை மணி நேரம். இதற்கு மேலதிகமாக ஒவ்வொரு நாளும் நாற்பது பயில்வான்களோடு கோதாவில் பொருதுவார் என்கிறார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் இன்னும் இரண்டு மணி நேரம். உடம்பைப் பிடித்துவிட ஆளும், சமைத்துப்போட ஆளும், சம்பளமும் இருக்கிற ஒருவருக்கு இது ஒரு நாள் வேலை. காலை எட்டு மணிக்குக் கடையில் நிற்கவேண்டிய ஒருவருக்கு இது நடக்காது. இரண்டையும் ஒப்பிட்டு யாரும் மனம் சோரத் தேவையில்லை.

அடுத்தது, காமா எடுத்த தண்டால் நாம் இன்று எடுக்கும் புஷ் அப் அல்ல. இடுப்பை உயர்த்தி, கைகளையும் கால்களையும் ஊன்றி, உடம்பைக் கூரை போல வளைத்து நிற்க வேண்டும். அங்கிருந்து தலையையும் நெஞ்சையும் தரையை உரசுவது போலத் தாழ்த்தி, முன்னோக்கி வழுக்கி, நெஞ்சை நிமிர்த்தி மேலே வரவேண்டும். பிறகு திரும்பவும் இடுப்பு உயரும். உடம்பு நிலையில்லாமல் அலை போல ஓடும். சுமை நெஞ்சில் மட்டும் விழாமல் தோள், கைகளின் பின்பக்கத் தசை, முதுகு எல்லாவற்றுக்கும் பிரிந்து போகிறது. மல்யுத்தக்காரனுக்கு அதுதான் வேண்டும். எதிராளியைப் பிடித்துத் தரையில் அமுக்குபவனுக்கு ஒரு தசை தனியாகப் பருத்து என்ன பயன்?

அப்படியிருந்தும் காமாவின் நெஞ்சு பெரியதுதான். ஐந்தடி ஏழு அல்லது எட்டு அங்குல உயரமுள்ள அவருக்கு நெஞ்சளவு 46 அங்குலம் என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. இதைவிடக் கூட்டிச் சொல்பவர்களும் உண்டு. எந்த அளவை எடுத்தாலும், படத்தைப் பார்த்தால் சந்தேகம் வராது.

தண்டால் என்ன செய்யும், என்ன செய்யாது

சாதாரண புஷ் அப் எடுக்கும்போது நம் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இறங்குகிறது. கீழே போகும்போது அது முக்கால் பங்கை எட்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒவ்வொரு தடவையும் 40 கிலோவுக்கு மேல் தள்ளுகிறார் என்று அர்த்தம். இது சின்ன எடையல்ல. புதிதாகத் தொடங்குபவரின் நெஞ்சுத்தசை வளர இது தாராளமாகப் போதும்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 18 ஆண்கள் எட்டு வாரம் பயிற்சி செய்தார்கள். ஒரு பகுதியினர் எடை குறைந்த பெஞ்ச் பிரஸ், மற்றப் பகுதியினர் அதே அளவு சுமை விழும்படி அமைத்த புஷ் அப். நெஞ்சுத்தசையின் தடிப்பு இரு பகுதியினருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியே கூடியிருந்தது. ஸ்பெயினில் 2015 இல் வெளியான இன்னோர் ஆய்வில், முதுகுக்குக் குறுக்கே இழுவைப் பட்டி மாட்டி எடுத்த புஷ் அப்பும் கனமான பெஞ்ச் பிரஸ்ஸும் ஐந்து வாரத்தில் ஒத்த அளவு பலத்தைக் கொடுத்தன. தசைக்குத் தெரிவது சுமையும் களைப்பும் மட்டுமே. அந்தச் சுமை இரும்பா, சொந்த உடம்பா என்பது அதற்குத் தெரியாது.

ஆனால் ஓர் எல்லை உண்டு. இன்று பதினைந்து தண்டாலில் கை நடுங்குபவர் சில மாதங்களில் ஐம்பது எடுப்பார். உடல் எடை அப்படியே இருக்கிறது, அவரோ பலசாலியாகிவிட்டார். இனி எண்ணிக்கையைக் கூட்டக் கூட்டத் தாங்குதிறன்தான் கூடும். களைத்து விழும் வரை எடுத்தால் தசை இன்னும் கொஞ்சம் வளரும். கனமானதைத் தள்ளும் உச்ச பலம் மட்டும் அதே இடத்தில் நின்றுவிடும். அதற்குச் சுமை கூடவேண்டும்.

காமாவுக்கு இது தெரிந்திருந்தது என்பதற்கு ஒரு சாட்சி இன்றும் இருக்கிறது. இந்தியாவின் பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவகத்தின் அருங்காட்சியகத்தில் உழுந்துவடை போல நடுவில் துளையுள்ள ஒரு வட்டு வைக்கப்பட்டிருக்கிறது. எடை 95 கிலோ. காமா பஸ்கி எடுக்கும்போது பயன்படுத்தியது. எண்ணிக்கை மட்டும் போதும் என்று அவர் நினைத்திருந்தால் அந்த வட்டுக்குத் தேவையே இருந்திருக்காது. அவருடைய நெஞ்சுக்கும் தோளுக்கும் உண்மையான எடை அந்த நாற்பது பயில்வான்கள். உயிருள்ள, எதிர்த்துத் தள்ளுகிற எடை.

கல்லும் கதையும்

பரோடாவின் அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. 1902 டிசம்பர் 23 அன்று காமா அதைத் தூக்கினார் என்று குறிப்பு சொல்கிறது. கல்லின் எடை 1,200 கிலோ என்கிறார்கள். இன்று உலகின் மிகப் பலசாலிகள், இதற்கென்றே செய்த இரும்புத் தண்டில், இடுப்புயரத்துக்குத் தூக்கும் உச்ச எடை 500 கிலோவைச் சுற்றித்தான் நிற்கிறது. பிடிமானமே இல்லாத ஒரு கல்லை அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான எடையில் ஒரு மனிதன் தூக்கி நடந்தான் என்பதை நான் நம்பவில்லை. ஒரு பக்கத்தை உயர்த்தியிருக்கலாம், புரட்டியிருக்கலாம். அதுவே பெரிய சாதனைதான்.

பயில்வான்களின் கதைகளில் எண்கள் வளர்வது புதிதல்ல. கேட்கிறவர்கள் வளர்ந்த எண்ணையே விரும்புகிறார்கள். ஆனால் காமாவைப் பெரிய ஆளாக்க அந்தக் கல் தேவையில்லை. அவருடைய மல்யுத்தப் பதிவு ஒன்றே போதும்.

லண்டன், 1910

பதினேழு வயதில் காமா, குஜ்ரன்வாலாவின் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவுக்குச் சவால் விட்டார். ரஹீம் ஏறத்தாழ ஏழடி உயரம், அன்றைய இந்தியச் சாம்பியன். வயதில் மட்டும் அவர் மூத்தவர். நீண்ட நேரம் நடந்த அந்தப் போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அதோடு காமாவின் பெயர் நாடெங்கும் பரவியது. 1910 வரையான ஆண்டுகளில் ரஹீமைத் தவிர இந்தியாவின் பெயர்பெற்ற பயில்வான்கள் அநேகமாக எல்லோரையும் அவர் வென்றுவிட்டார்.

1910 இல் காமாவும் தம்பி இமாம் பக்ஷும் லண்டன் போனார்கள். செலவைப் பொறுப்பேற்றவர் வங்காளத்துச் செல்வந்தர் ஒருவர். வங்காளிகளை ஆண்மையற்றவர்கள் என்று பிரித்தானிய ஆட்சியாளர்கள் எழுதியும் பேசியும் வந்த காலம் அது. ஒரு வங்காளி தன் பணத்தில் ஒரு பஞ்சாபியை லண்டனுக்கு அனுப்பியதற்குப் பின்னால் விளையாட்டு ஆர்வம் மட்டுமா இருந்திருக்கும்?

லண்டனில் காமாவை முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. உயரம் போதாது என்று கணித்தார்கள். எந்த எடைப்பிரிவிலும் மூன்று பேரை அரை மணி நேரத்தில் வீழ்த்திக் காட்டுவதாக அவர் பகிரங்கச் சவால் விட்டார். பலர் அதை வெறும் வாய்வீச்சு என்றே நினைத்தார்கள். முதலில் வந்தவர் அமெரிக்க மல்யுத்த வீரரும் வைத்தியருமான பெஞ்சமின் ரோலர். ஆகஸ்ட் மாதம் நடந்த போட்டியில் காமா அவரை முதல் தடவை 1 நிமிடம் 40 விநாடியிலும், இரண்டாம் தடவை 9 நிமிடம் 10 விநாடியிலும் வீழ்த்தினார்.

அடுத்து செப்டெம்பர் 10, ஷெப்பர்ட்ஸ் புஷ் மைதானம். 1908 ஒலிம்பிக் போட்டிக்காகக் கட்டப்பட்ட அரங்கு அது. எதிராளி போலந்தின் ஸ்தானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோ, காமாவைவிட எடை கூடியவர். பரிசு 250 பவுணும் ஜோன் புல் பட்டியும். தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் காமா அவரைத் தரைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் ஸ்பிஷ்கோ எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால் தோற்றுவிடுவோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குப்புறப் படுத்து விரிப்பை இறுகப் பற்றிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காமா அவரைப் புரட்ட முயன்றுகொண்டே இருந்தார். முடியவில்லை. போட்டி சமநிலையில் நிறுத்தப்பட்டது. ஒரு வாரம் கழித்து மறுபோட்டி வைத்தார்கள். ஸ்பிஷ்கோ வரவில்லை. பட்டி காமாவுக்குக் கொடுக்கப்பட்டது.

தண்டாலின் பயனும் எல்லையும் இந்தப் போட்டியில் சேர்ந்தே தெரிவதாக எனக்குப் படுகிறது. இரண்டரை மணி நேரம் ஓயாமல் ஒரு பெரிய உடம்பைத் தள்ளியும் இழுத்தும் மூச்சு வாங்காமல் நிற்கும் திறனை ஆயிரக்கணக்கான தண்டால்களும் பஸ்கிகளும் கொடுத்திருந்தன. ஆனால் தன்னைவிடக் கனமான ஒருவர் தரையோடு ஒட்டிக்கிடந்தபோது அவரைப் பெயர்த்தெடுக்க அது மட்டும் போதவில்லை.

அதே காலத்தில் ஐரோப்பாவில் ஜோர்ஜ் ஹக்கன்ஷ்மித் என்ற மல்யுத்த வீரர் புகழோடு இருந்தார். தரையில் மல்லாந்து கிடந்து 160 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தள்ளியவர் என்று பெஞ்ச் பிரஸ்ஸின் வரலாறு எழுதுபவர்கள் அவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். இரும்பால் வளர்ந்த நெஞ்சும் தண்டாலால் வளர்ந்த நெஞ்சும் கோதாவில் சந்தித்திருந்தால் நம் கேள்விக்கு ஒரு சுவையான பதில் கிடைத்திருக்கும். காமாவும் ஹக்கன்ஷ்மித்தும் மோதவே இல்லை.

ஊர் திரும்பிய காமா, அலகாபாத்தில் ரஹீம் பக்ஷை மீண்டும் சந்தித்தார். இம்முறை வென்றார். ருஸ்தம் எ ஹிந்த் பட்டம் அவருக்கு வந்தது. 1928 ஜனவரியில் ஸ்பிஷ்கோ பட்டியாலாவுக்கு வந்தார். இருவருக்கும் ஐம்பதை நெருங்கும் வயது. விரிப்புக்குப் பதிலாக மண் கோதா. பெருங்கூட்டம் பார்த்திருக்க, ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஷ்கோவின் முதுகு மண்ணில் பட்டது. பதினேழு வருடத்துக்கு முந்திய கணக்கு தீர்ந்தது.

மோகினி வீதி

1947 இல் பிரிவினை வந்தபோது காமா லாகூரின் மோகினி வீதியில் இருந்தார். அந்தத் தெருவில் இந்துக் குடும்பங்களும் இருந்தன. வெட்டும் தீயுமாக நகரம் எரிந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு கும்பல் அந்தத் தெருவுக்கும் வந்தது. அறுபத்தொன்பது வயதுக் காமா தன் பயில்வான்களோடு வாசலில் போய் நின்றார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். தெருவிலிருந்த இந்துக்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, சில நாட்களுக்கான உணவுப்பொருட்களையும் கொடுத்து எல்லைவரை கூடப்போய் வழியனுப்பினார் என்று அவருடைய வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

83 ஜூலையில் எந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்தார், யார் சாத்தினார் என்ற கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். காமாவின் வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது லண்டனை அல்ல, மோகினி வீதியைத்தான். நெஞ்சளவை அங்குலத்தில் எழுதிவைக்கிற காணொளிகள் எதிலும் அந்தத் தெருவை நான் கண்டதில்லை.

கடைசிக் காலம்

சமஸ்தானங்கள் போனதோடு பயில்வான்களின் சோறும் போயிற்று. புதிய பாகிஸ்தானில் காமாவைத் தாங்க மகாராஜா யாரும் இல்லை. ஆண்மக்களை அவர் முன்னரே பறிகொடுத்திருந்தார். வயதோடு ஆஸ்துமாவும் இருதய நோயும் சேர்ந்தன. வைத்தியச் செலவுக்குக் கஷ்டப்படுகிறார் என்ற செய்தி எல்லை தாண்டிப் பரவியபோது, இந்தியத் தொழிலதிபர் ஜி. டி. பிர்லா 2,000 ரூபாயும் மாதாமாதம் 300 ரூபாயும் அனுப்ப முன்வந்தார். பாகிஸ்தான் அரசும் ஓரளவு உதவியது. 1960 மே 23 அன்று லாகூரில் காமா காலமானார். வயது 82. பின்னாளில் பாகிஸ்தான் பிரதமரின் மனைவியான குல்சூம் நவாஸ் அவருடைய பேத்தி.

இந்த முடிவை வைத்து, அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்தால் இப்படித்தான் ஆகும் என்று சிலர் சொல்வதுண்டு. எண்பத்திரண்டு வயது வரை வாழ்ந்த ஒருவரைப் பற்றி அப்படிச் சொல்வது நியாயமில்லை. அவருடைய இறுதி நாட்களில் குறைந்துபோனது தசையைவிடப் பணமும் ஆதரவுமே.

இனிக் கேள்விக்கு வருகிறேன். தண்டால் நெஞ்சை வளர்க்குமா? வளர்க்கும், பலமும் தரும். கையில் காசில்லாத ஒருவர், புரோட்டீன் பவுடர் டப்பாவை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நிற்காமல், இன்றைக்கே வீட்டுத் திண்ணையில் தொடங்கலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் ஓரிரண்டுதான் எடுக்கலாம் என்ற இடம் வரை போனால் போதும். முப்பதைச் சிரமமில்லாமல் தாண்டினால் நூறு, இருநூறு என்று எண்ணிக்கையைத் துரத்தத் தேவையில்லை. கால்களைப் படியில் உயர்த்தி வைக்கலாம், இறங்கும் வேகத்தைக் குறைக்கலாம், புத்தகப்பையில் ஐந்து கிலோ அரிசிப் பக்கெற்றை வைத்து முதுகில் மாட்டலாம். காமாவின் 95 கிலோ வட்டு சொல்லும் பாடம் இதுதான்.

தள்ளுகிற வேலை மட்டும் செய்தால் தோள் முன்னால் கூனும். மரக்கிளையிலோ கம்பியிலோ தொங்கி இழுக்கிற வேலையும் சேர வேண்டும். கால்களை மறக்கக் கூடாது. மூவாயிரம் தண்டால் எடுத்ததாகச் சொல்லப்படுகிற மனிதர் பஸ்கியை ஐயாயிரம் எடுத்தார் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். முட்டை, பருப்பு, மீன், பால் என்று இயன்றதைச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கவும் வேண்டும். மூட்டு வலித்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் சேர்ட்டின் பொத்தான்கள் வித்தியாசத்தைச் சொல்லும்.

46 அங்குலம் வருமா என்று கேட்டால், பெரும்பாலானோருக்கு வராது. எலும்பின் அகலமும் பரம்பரையும் பத்து வயதில் தொடங்கிய பயிற்சியும் அரண்மனைச் சாப்பாடும் அதில் இருக்கின்றன. அந்த அளவு இல்லாமலும் ஒருவர் பலசாலியாக இருக்கலாம், தேவைப்படும் நாளில் ஒரு வாசலில் போய் நிற்கவும் செய்யலாம்.